எல்டெஸ்ட்: நடுவில் கிடைத்த புத்தகம்

2015 தை மாதம். ஓ.எல். சோதினை எழுதிப்போட்டு, றிசல்ட் வரும்வரை வட்டக்கச்சியில் வீட்டோடு நின்ற காலம். கனடாவில் இருந்து மாமி ஆக்கள் வந்து இரண்டு கிழமை நின்றார்கள். திரும்பிப் போகிற அன்று சூட்கேஸ் பாரம் கூடிவிட்டது. மிளகாய்த் தூளும் கருவாடும் பனாட்டும் உள்ளே போகவேண்டும் என்றால் வேறு ஏதாவது வெளியே வரவேண்டும். மச்சான் ஒரு தடித்த புத்தகத்தை இழுத்தெடுத்து என் கையில் தந்தான். "நான் வாசிச்சு முடிச்சிட்டன். நீங்க வச்சிருங்கோ."

சிவப்பு அட்டை. அட்டை முழுக்க ஒரு டிராகனின் தலை. கிறிஸ்தோபர் பயோலினி எழுதிய 'எல்டெஸ்ட்'. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, பல்லியோ?" என்றா.

அது ஒரு தொடரின் இரண்டாம் பாகம் என்பது முதல் பக்கத்தைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. முதற் பாகம் 'எரகன்' கனடாவில் மச்சானின் அறையில். மூன்றாம் பாகம் எங்கே என்று அவனுக்கே தெரியாது. எனக்கு இது புதிதில்லை. எங்கட பள்ளிக்கூட நூலகத்தில் பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தில் இரண்டாவதும் நாலாவதும்தான் இருந்தன. வந்தியத்தேவன் ஏன் ஈழத்துக்கு வாறான் என்று தெரியாமலே 'சுழற்காற்று' வாசித்த ஆள் நான். 2009க்குப் பிறகு வன்னியில் வாசிக்கத் தொடங்கின எங்கட வயதுப் பிள்ளைகளுக்கு முழுத் தொடர் என்று ஒன்று கிடைப்பது அபூர்வம். யாரோ அன்பளிப்புச் செய்த பெட்டிக்குள் எது கிடந்ததோ அதுதான் எங்களுக்கு இலக்கியம்.

பயோலினியைப் பற்றி ஒரு இரண்டு வரி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வளர்ந்தவர், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். 15 வயதில் 'எரகன்' எழுதத் தொடங்கினார். 2002இல் தாய் தகப்பனே அதைச் சொந்தமாக அச்சடித்தார்கள், அடுத்த வருடம் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. 'எல்டெஸ்ட்' 2005 ஓகஸ்டில் வந்தது. மூன்று பாகம் என்றுதான் முதலில் திட்டம், அதனால் இது சரியாக நடுப் பாகம். பிறகு கதை நீண்டு நாலு பாகமாகியது. இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்தை அப்படியே டிராகனில் ஏற்றி வைத்திருக்கிறார் என்று கனபேர் நக்கலடிப்பார்கள். தூர இடத்துக் கிழட்டுக் குரு, அங்கே போய்ப் பயிற்சி, கடைசியில் ஒரு இரத்த உறவு இரகசியம் உடைபடுவது. நக்கல் சரிதான். அந்தப் படத்தைப் பார்க்காமல் புத்தகத்தை வாசித்ததால் எனக்கு அது உறைக்கவில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். 600 பக்கத்துக்கு மேலே. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போனால் பெரிய காரியம். நல்ல காலம், முன்னால் முதற் பாகத்தின் கதைச் சுருக்கம் இருந்தது. எரகன் என்ற பெடியன் காட்டில் ஒரு நீலக் கல்லைக் கண்டெடுக்கிறான், அது முட்டை, பொரித்து வந்த டிராகனுக்குப் பெயர் சஃபிரா. கல்படோரிக்ஸ் என்ற கொடுங்கோல் அரசன். அவனை எதிர்க்கும் வார்டன் என்ற கிளர்ச்சிப் படை. இரண்டாம் பாகத்தில் எரகன் எல்ஃப் இனத்தவரின் காட்டுக்குப் போய் ஓரோமிஸ் என்ற குருவிடம் பயிற்சி எடுக்கிறான். ஒரு கட்டத்தில் எறும்புகளின் மனதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் அந்த அத்தியாயங்களில் எனக்கு நித்திரை வந்தது.

சஃபிராவிலும் மனம் ஒட்டவில்லை. மச்சானுக்கு டிராகன் என்றால் உயிர், ரொறொன்ரோவில் அவனுடைய கட்டில் விரிப்பில்கூட டிராகன் படம் என்று மாமி சொன்னா. எனக்கு, மேலே பறந்து கீழே நெருப்புக் கொட்டுகிற ஒன்று நல்ல பக்கத்தில் இருக்கலாம் என்று நினைக்கவே வரவில்லை. 2008இல் எனக்கு வயது பத்து. வானத்தில் பறக்கிற சாமானில் அப்ப எங்களுக்குத் தெரிந்தது இரண்டு, வண்டும் கிபிரும். வண்டு என்றால் ஆளில்லா விமானம், நாள் முழுக்க ஒரே இரைச்சலில் சுற்றும். வண்டு சுற்றினால் பிறகு கிபிர் வரும். கிபிர் வந்தால் பங்கர். எரகன் சஃபிராவின் முதுகில் ஏறி எதிரிப் படைக்கு மேலால் போகும்போதெல்லாம் நான் ஏறவில்லை. கீழே நின்ற ஆட்களோடேயே நின்றுவிட்டேன். அவர்கள் கூடாத அரசனின் ஆட்கள் என்று தெரிந்தும்தான்.

நான் நித்திரை கொள்ளாமல் வாசித்தது ரோரனின் அத்தியாயங்களை. ரோரன் எரகனின் மச்சான். டிராகனும் இல்லை, மந்திரமும் இல்லை, கையில் ஒரு சுத்தியல் மட்டும். எரகன் விட்டுவிட்டுப் போன கார்வஹால் என்ற குக்கிராமத்துக்கு, ரோரனைப் பிடித்துக்கொண்டு போக அரசனின் படையாட்களும் ராஸாக் என்ற பயங்கரப் பிறவிகளும் வருகிறார்கள். ஊர் அவனைக் கொடுக்க மறுக்கிறது. தடுப்புப் போட்டு அடிபடுகிறது. அடிபட்டு வெல்ல ஏலாது என்று தெரிந்ததும் ஊர் கிளம்புகிறது. கிழடுகட்டை, குஞ்சுகுருமன் எல்லாரோடும் மலைத்தொடரைக் கடந்து, நார்டா என்ற துறைமுகத்துக்கு இறங்கி, அங்கே இருந்து படகில் இன்னொரு பட்டினம், அங்கே ஒரு கப்பலைக் களவெடுத்துத் தெற்கே சுர்டா என்ற நாட்டுக்கு. கொல்லர் ஹோர்ஸ்டின் மனைவி எலெய்ன் வயிற்றில் பிள்ளையோடு இதெல்லாம் நடந்து கடக்கிறாள்.

டிராகன் புத்தகம் என்று எடுத்தால் உள்ளே ஒரு இடப்பெயர்வு. அட்டையில் இருக்கிற சிவப்பு டிராகன் கடைசி அத்தியாயங்களில்தான் தலைகாட்டுது.

நாங்கள் வட்டக்கச்சியை விட்டுக் கிளம்பியது 2008 கடைசியில். கிளிநொச்சி விழுந்தது 2009 தை 2ஆம் திகதி, அப்போது நாங்கள் விசுவமடுவில். பிறகு உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு லான்ட்மாஸ்டர் இருந்தது. அதில் அம்மாவின் தையல் மெசின், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் போட்ட பிஸ்கற் ரின், நெல் மூட்டை, கழற்றின கூரைத் தகரம், வாட்டர் பம், அதுக்கு மேலே அப்பம்மா. நிலைகதவைக் கழற்றி ஏற்றின ஆட்களும் இருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று இறங்கும், ஏறாது. தகரம் உடையார்கட்டோடு போச்சு. தையல் மெசின் இரணைப்பாலை வரைக்கும் வந்தது.

ரோரன் ஒரு பேச்சுப் பேசுகிறான், அதைக் கேட்டு ஊர் எழும்புது. வாசிக்க மயிர்க்கூச்செறியும். ஆனால் எங்களுக்கு ஒருவரும் பேசவில்லை. ஷெல் விழுகிற இடத்துக்கும் நாங்கள் நிற்கிற இடத்துக்கும் இடையில் இருந்த தூரம்தான் எப்ப வெளிக்கிடுவது என்று முடிவெடுத்தது. வீட்டுக்குள் நடந்ததெல்லாம் பேச்சில்லை, சண்டை. இனி எங்கே போறது, எவ்வளவு தூரம் போறது, அங்காலே போறதா இஞ்சாலே நிக்கிறதா.

உடையார்கட்டில் பெரியப்பா அங்காலே போகவேண்டும் என்று நின்றார், ஆமிப் பக்கம். தை 20க்குப் பிறகு அந்தப் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்தார்கள், ஷெல் அங்கேயும்தான் விழுந்தது. அப்பா மறுத்தார். போற வழியில் இரண்டு பக்கமும் சுடுவான் என்றார், போனவையை என்ன செய்யிறாங்களோ தெரியாது என்றார். பெரியப்பாவின் மூத்த மகளுக்கு, எங்கட அக்காவுக்கு, அப்ப பதினேழு வயது. அந்த மாதங்களில் அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளைக்குப் பதினேழு வயது என்றால் என்ன அர்த்தம் என்று வன்னியில் நின்றவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அக்கா தலைமயிரைச் சுருட்டிக் கட்டி, சீலை உடுத்து, கலியாணம் கட்டினவள் மாதிரி பங்கருக்குள் இருந்தா.

மாசி முதல் கிழமை ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் பெரியப்பா குடும்பம் இல்லை. லான்ட்மாஸ்டரை விட்டுவிட்டு, அப்பம்மாவை விட்டுவிட்டு, சொல்லாமல் போய்விட்டார்கள். அப்பம்மாவால் நடக்க ஏலாது. சொல்லியிருந்தால் அப்பா மறித்திருப்பார், அல்லது சத்தம் போட்டு நாலுபேருக்குத் தெரியவந்திருக்கும். இதெல்லாம் இப்ப எனக்குத் தெரியுது. அப்ப அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அப்பம்மா ஒவ்வொரு நாளும் கேட்பா, "மூத்தவன் எங்கயடா?" ஒருநாள் அப்பா சொன்னார், "அவன் செத்திட்டான் எண்டு நினையணை." அவ கேட்கிறதை விட்டுவிட்டா. இரணைப்பாலையில் ஷெல்லில் இல்லை, காய்ச்சலில்தான் செத்தா. பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டோம். சித்திரை 20 மாத்தளனில் இருந்து சனத்தோடு சனமாக வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் வந்து இறங்கினால், பெரியப்பா குடும்பம் எங்களுக்கு முன்னமே அங்கே. அப்பா மற்றப் பக்கம் திரும்பினார்.

இப்ப ஸ்லோனுக்கு வாறன். கார்வஹாலின் இறைச்சிக்கடைக்காரன். மகள் கத்ரீனாவைத்தான் ரோரன் விரும்புகிறான். ஸ்லோனின் மனைவி அந்த மலையில் விழுந்து செத்தவள், அதனால் மலை என்றாலே அவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். பெண்களையும் பிள்ளைகளையும் மலைக்கு அனுப்புவோம் என்று ஊர் சொல்லும்போது தன் மகளை அனுப்ப மாட்டேன் என்கிறான். கடைசியில் மகளைக் காப்பாற்றலாம் என்று நம்பி எதிரியோடு பேசி, காவலுக்கு நின்ற பேர்டு என்பவனைக் கொன்று, ராஸாக்கை ஊருக்குள் விடுகிறான். அவை மகளையும் பிடித்து அவனையும் கொண்டு போகின்றன.

வாசித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் எங்கேயோ கேட்ட குரலில் இருந்தது தெரிந்தது. அது அப்பாவின் குரல்.

பெரியப்பா ஒருவரையும் கொல்லவில்லை, ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஸ்லோனும் அவரும் ஒன்றில்லை. ஆனால் எங்கட வீட்டில் ஆறு வருடமாக அவருக்குக் கொடுத்திருந்த இடம் ஸ்லோனின் இடம்தான். பயோலினி ஸ்லோனை அரியண்டமான ஆளாகத்தான் எழுதியிருக்கிறார். பேராசை, வக்கிரம், கத்தி. வாசகர் அவனை வெறுக்கவேண்டும் என்று தெரிந்தே செய்தது. அந்த இடத்தில் எனக்கு எழுத்தாளரோடு ஒத்துப்போக முடியவில்லை. மனைவியை மலைக்குக் கொடுத்தவன், மகளையும் கொடுக்கமாட்டேன் என்றான். அந்த ஒரு வரியில் இருந்து தொடங்கி எழுதியிருந்தால் அது வேறு புத்தகம்.

அவர் நன்றாகச் செய்த ஆள் பிர்கிட். புருசனை ராஸாக்குக்குப் பறிகொடுத்தவள். ரோரனால்தான் இந்த வில்லங்கம் ஊருக்கு வந்தது என்பதை அவள் மறக்கவில்லை. அவன் பின்னாலேயே வருகிறாள், அவனுக்குப் பக்கத்தில் நின்று சண்டையும் பிடிக்கிறாள், ஆனால் ராஸாக்கின் கதையை முடித்த பிறகு என் புருசனுக்கான கணக்கை உன்னிடம் கேட்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறாள். ஊரைக் கூட்டிக்கொண்டு போறவனிடம் ஒருத்தியாவது கணக்குக் கேட்கிறாள். இதை எழுதினபோது பயோலினிக்கு இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். எங்கே இருந்து இது வந்தது என்று நான் இப்பவும் யோசிப்பேன்.

சறுக்கின இடம் கடைசி. அவ்வளவு தூரம் மலையும் கடலும் கடந்து கப்பல் வந்து சேருகிற அன்றே எரியும் சமவெளியில் பெரிய சண்டை. ரோரன் இறங்கின கையோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடுகிறான், வார்டனுக்குப் பெரிய தலையிடியான இரண்டு மந்திரவாதிகளை அடித்துக் கொல்கிறான், வீரனாகிறான். மற்ற ஆட்கள்? அவர்கள் எங்கே படுத்தார்கள், எந்த வரிசையில் நின்றார்கள், பெயரை எத்தனை தரம் பதிந்தார்கள்? அத்தியாயமே இல்லை. மெனிக் பாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்ற பிள்ளைக்கு அது ஒரு பெரிய ஓட்டை.

நசுவாடா என்ற பெண் வார்டனின் தலைவி. படைக்குக் காசில்லாமல் போக, மந்திரவாதிகளைக் கொண்டு லேஸ் பின்னவைத்து மலிவு விலைக்கு விற்கிறாள். கெட்டிக்காரத்தனம் என்று எல்லா விமர்சனத்திலும் எழுதுவார்கள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்ப பழைய சிங்கர் ஒன்று வாங்கி மறுபடி தைக்கத் தொடங்கியிருந்தா. ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டா: "அப்ப கையால லேஸ் பின்னிச் சீவிச்ச பொம்பிளையள் என்ன செய்தவையாம்?"

எனக்கு மூச்சு நின்ற இடம் எல்வா. முதற் பாகத்தில் எரகன் ஒரு பச்சைப் பிள்ளையை ஆசீர்வதித்திருக்கிறான், பழைய மந்திர மொழியில். கேடுகளில் இருந்து காக்கப்படுவாயாக என்று சொல்ல நினைத்தவன், இலக்கணம் பிழைத்து, கேடயமாக இருப்பாயாக என்று சொல்லிவிட்டான். அது இரண்டாம் பாகத்தில்தான் தெரியவருது. அந்தப் பிள்ளை சுற்றியிருக்கிற எல்லாரின் நோவையும் தன் உடம்பில் உணருது, அதைத் தடுக்க ஓடவேண்டியிருக்குது. சில மாதத்துக்குள் அந்தரத்தில் வளர்ந்து, ஒரு கிழவியின் குரலில் கதைக்கிற சின்னப் பிள்ளையாகிறது.

கேடயம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை. 2009இல் ரேடியோவில். மனிதக் கேடயம் என்றார்கள். அப்பாவிடம் கேட்டேன், மனிதக் கேடயம் எண்டா என்ன? "எங்களைத்தான் சொல்லுறாங்கள்." அவ்வளவுதான் சொன்னார். அகராதியில் 'ஷீல்ட்' என்று தேடி அந்தத் தமிழ்ச் சொல்லைக் கண்டபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. எரகன் எல்வாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். பிழையைத் திருத்துவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நம்பிப் பார்ப்போம் என்ற கணக்கில் அந்தப் பிள்ளை அவனைப் பார்க்குது.

பின்னேரங்களில் அப்பாவுக்குக் கதை சொல்வேன். கரண்ட் வந்திருந்தாலும் முற்றத்தில்தான் இருப்போம். அவருக்கு எல்ஃபும் வேண்டாம், எரகனும் வேண்டாம், "மற்றச் சனம் எங்க நிக்குது?" என்பார். ஸ்லோனின் கதையைச் சொன்ன அன்று நான் அவரைப் பார்க்காமலே சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "அந்த இறைச்சிக்காரன் பிறகு என்னவானான்?"

எனக்குத் தெரியாது. அது மூன்றாம் பாகத்தில் இருந்தது.

மூன்றாம் பாகம் 'பிரிஸிங்கர்' உலகத்துக்கு வந்த திகதி 2008 செப்டெம்பர் 20. அதற்கு நாலு நாள் முந்தித்தான் ஐ.நா. ஆட்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டார்கள், போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மறித்தது. மச்சான் ஆக்கள் கடை வாசலில் புத்தகத்துக்கு வரிசையில் நின்றிருப்பார்கள். எனக்கு அது வந்து சேர 2018 ஆகியது. கொழும்பில் ஒரு கோர்ஸுக்குப் போயிருந்தபோது மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில், பொன் நிற அட்டை கிழிந்து கிடந்தது. பஸ்ஸிலேயே தொடங்கினேன். தொடக்கத்திலேயே ஸ்லோன் வாறான். ராஸாக்கின் கோட்டையில், கண் இரண்டும் கொத்தப்பட்டு, ஒரு சிறைக் கூண்டுக்குள். எரகனுக்கு அவனைக் கொல்லவும் மனமில்லை, விடவும் மனமில்லை. ரோரனுக்கும் கத்ரீனாவுக்கும் ஸ்லோன் செத்துவிட்டான் என்று பொய் சொல்கிறான். பிறகு அவனுடைய உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டு கட்டளை போடுகிறான். எல்ஃப் நாட்டுக்கு நடந்து போ, இனி ஒருநாளும் மகளைக் காணக்கூடாது, கதைக்கக்கூடாது.

அந்தக் கிழமையே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முந்திக் கேட்ட கேள்வி, மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"உயிரோட இருக்கிற மனிசனைச் செத்திட்டான் எண்டு மகளுக்குச் சொன்னவனோ?"

"ஓம் அப்பா."

"கண்ணும் தெரியாதவனைத் தனிய நடக்க விட்டவனோ?"

"சாப்பாடு தண்ணி கிடைக்கிற மாதிரி மந்திரம் ஏதோ ஏற்பாடு செய்தவன்."

அப்பா எழும்பி மாட்டுக்கு வைக்கல் போடப் போனார். நான் கதையை முடிக்கவில்லை, அவரும் மிச்சம் கேட்கவில்லை.

அடுத்த மாசி அப்பம்மாவின் பத்தாம் ஆண்டுத் திவசத்துக்குப் பெரியப்பா வந்தார். புத்தகத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அக்கா பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றா, பெரியம்மாவுக்கும் சுகமில்லாமல் இருந்தது, அம்மா முதலிலேயே போய் இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்திருந்தா. யார் யாரைக் கூப்பிட்டது என்று எனக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. ஐயர் போன பிறகு இரண்டு பேரும் மாமரத்துக்குக் கீழே இரண்டு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டு போனேன். முதல் மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்து வந்த வெள்ளத்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஏக்கர் போச்சு, ஆற்றை மாடு போச்சு, எந்தக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தவங்கள். இரண்டு மணித்தியாலம் அதே கதை. பெரியப்பா வெளிக்கிடும்போது அப்பா கேட்டார், "லான்ட்மாஸ்டர்ர சாவி உன்னட்டயோ அண்ணை கிடந்தது?"

"ஓம். மெனிக் பாமில ஆரோ பொடியனுக்கு விளையாடக் குடுத்திட்டன்."